செயலியின் மூடியைக் கழற்றலாமா?

மாணவர்களே, சிலிம் ரிவரின் மதிய வெயிலில் உங்கள் வீட்டுக் கணினியின் விசிறி இரைகிறதா? "செயலியின் மூடியைக் கழற்றிவிடு, சூடு இறங்கிவிடும்" என்று நண்பர் யாராவது சொல்லியிருக்கலாம். கத்தியை எடுக்குமுன் இதைப் படியுங்கள்.

மேசைக் கணினிச் செயலியின் மேல் ஓர் உலோக மூடி இருக்கும். அது நிக்கல் பூசிய செம்பு. இன்டெல் செயலிகள் பலவற்றின் மூடியில் 'மலாய்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். அவை நம் நாட்டில் பொருத்தப்பட்டவை என்று பொருள். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையை 1972இல் பினாங்கில்தான் திறந்தது.

மூடிக்கு அடியில்தான் சில்லு இருக்கிறது. அதன் வெப்பம் ஓர் இணைப்புப் பொருளைக் கடந்து மூடிக்குச் சென்று, பிறகு குளிர்விப்பானை அடைகிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400 அலகு. பற்றவைக்கப் பயன்படும் இண்டியத்துக்கு ஏறத்தாழ 80. வெப்பப் பசைக்கோ பெரும்பாலும் 10க்கும் குறைவு. அகன்ற நெடுஞ்சாலையில் வந்த வாகனங்கள் சுங்கச்சாவடியில் தேங்குவதுபோல, பசையில் வெப்பம் தேங்கும்.

2012இல் வந்த 'ஐவி பிரிட்ஜ்' செயலிகளில் இன்டெல் பற்றவைப்பை விட்டுப் பசைக்கு மாறியது. ஆர்வலர்கள் சவர அலகால் மூடியைப் பிரித்து, பசைக்குப் பதிலாகக் காலியம் கலந்த திரவ உலோகத்தைத் தடவினார்கள். 2017இல் வந்த 'கோர் ஐ7 7700கே' செயலியில் 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை சூடு குறைந்தது. அன்று ஆபத்துக்கு ஏற்ற பலன் இருந்தது.

2018இல் 'கோர் ஐ9 9900கே' செயலியோடு பற்றவைப்பு திரும்பியது. பற்றவைத்த மூடியை நெம்பினால் சில்லே விரிசல் விடலாம். திரவ உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். சிந்தினால் குறுக்குச்சுற்று ஏற்படும். அலுமினியத்தையும் அது அரித்துவிடும். உத்தரவாதமும் போய்விடும். மாற்றுச் செயலிக்குப் பல நூறு ரிங்கிட் யார் தருவது?

2022இல் வந்த ரைசன் 7000 வரிசையின் மூடி தடித்தது. அதை நீக்கிக் குளிர்விப்பானை நேரே சில்லின்மேல் வைத்தால் சூடு நன்றாகவே இறங்கும். ஆனால் அந்தச் செயலிகள் 95 டிகிரியிலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. எனவே வேகத்தில் கிடைக்கும் கூடுதல் பெரிதல்ல. மடிக்கணினிச் செயலிகளுக்கோ பெரும்பாலும் மூடியே கிடையாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? இரண்டு கணக்குகளைப் பாருங்கள். காற்றால் குளிரும் சில்லின் சூடு அறை வெப்பத்தின் மேல்தான் ஏறும். அதே வேலையைச் செய்யும்போது, 33 டிகிரி அறை 25 டிகிரிக்கு இறங்கினால் சில்லும் ஏறத்தாழ 8 டிகிரி இறங்கும். சுவரோடு ஒட்டிய கணினியைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தினாலே பயன் உண்டு.

அடுத்தது மின்னழுத்தம். சில்லு இயங்கச் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே வேகத்தில் மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால் 0.9 × 0.9 = 0.81, அதாவது அந்தத் திறன் 19 விழுக்காடு குறைகிறது. பல கணினிகளில் இதை அமைப்புகளிலேயே செய்யலாம். அளவுக்கு மீறிக் குறைத்துக் கணினி நின்றுபோனால், பழைய அளவுக்கே திருப்பிவிடலாம்.

ஆகவே, இன்று மூடியைக் கழற்றுவது இழப்பைத் தாங்கக்கூடியவர்களின் பொழுதுபோக்கு. வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணினி என்றால், முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு விசிறியின் தூசியைத் தட்டுங்கள். காய்ந்துபோன வெளிப்பசையை மாற்றச் சொல்லுங்கள். மூடி அதன் இடத்திலேயே இருக்கட்டும்.