நெருங்க நெருங்கச் சூடு: ஆசரிப்புக் கூடாரம் எப்படி இயங்குகிறது?

விறகடுப்பு எரியும் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே சோறு அங்கிருந்துதான். ஆனாலும் பிள்ளைகளுக்கு வாசற்படியோடு சரி. அடுப்பை ஊதுகிறவரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் உட்காருவார். நெருப்பு நெருப்பாக இருப்பதால் வந்த ஒழுங்கு அது. யாத்திராகமமும் லேவியராகமமும் விவரிக்கும், இஸ்ரவேலர் நடுவே கர்த்தர் தங்கிய ஆசரிப்புக் கூடாரத்தின் ஒழுங்கையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பாளையத்தின் நடுவே 100 முழ நீளமும் 50 முழ அகலமும் கொண்ட பிராகாரம். சாதாரண இஸ்ரவேலன் பலியோடு இதுவரை வரலாம். மிருகத்தின் தலைமேல் கைவைத்து அவனே அறுக்கலாம். அதற்குள் பரிசுத்த ஸ்தலம், ஆசாரியர்களுக்கு மட்டும். திரைக்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலம். அங்கே பிரதான ஆசாரியன் ஒருவன், ஆண்டில் ஒரே நாள். பிராகாரத் தூண்களுக்கு வெண்கலப் பாதம், கூடாரப் பலகைகளுக்கு வெள்ளிப் பாதம், உடன்படிக்கைப் பெட்டிக்குப் பொன் என்று உலோகமும் படிப்படியாக ஏறுகிறது.

நெருங்கியவர்களுக்குச் சலுகை அதிகம் என்று எண்ணிவிட வேண்டாம். கட்டுப்பாடுதான் அதிகம். பெற்ற தகப்பனே இறந்தாலும் பிரதான ஆசாரியன் சடலத்தருகே போகக்கூடாது. பெட்டியைத் தோளில் சுமக்கும் கோகாத் வம்சத்தார் அதைத் தொட்டால் சாவு. அந்நிய அக்கினியோடு வந்து மாண்ட நாதாபும் அபியூவும் பிரதான ஆசாரியன் ஆரோனின் சொந்தப் பிள்ளைகள், அபிஷேகம் பெற்ற ஆசாரியர்கள். பிற்காலத்தில் எருசலேம் ஆலயத்துக்குள் தூபங்காட்ட நுழைந்த உசியா ராஜாவை அவன் கிரீடமும் காப்பாற்றவில்லை. நெற்றியில் குஷ்டம் தோன்றியது.

இனி சாம்பல். வீட்டுக்குச் சமைக்கச் சமைக்க அது சேர்ந்துகொண்டுதான் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கும், இறந்தவரை அடக்கம் செய்தவனுக்கும் தீட்டு உண்டு. அது குற்றமில்லை, வாழ்வதால் சேர்வது. பாவமும் அதோடு சேர்கிறது. இதெல்லாம் பாளையத்தில் எங்கு நடந்தாலும் போய்ப் படிவது கூடாரத்தில்தான் என்று விவிலிய அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் 1976இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பாவநிவாரண பலியின் இரத்தம் ஆள்மேல் பூசப்படுவதில்லை, இடத்தில்தான் பூசப்படுகிறது என்பது அவருடைய வலுவான சான்று. தனி மனிதன் தெரியாமல் செய்த பிழைக்கு வெளிப் பலிபீடத்தின் கொம்புகளில். சபை முழுவதும் பிழை செய்தால் உள்ளே, திரைக்கு முன்பாக. வேண்டுமென்றே செய்த மீறல்கள் திரையையும் தாண்டிப் படியும் என்கிறார் மில்க்ரோம்.

சாம்பல் அள்ளாத அடுப்பு புகைந்து அணைந்துபோகும். தீர்க்கதரிசி எசேக்கியேல் காட்டுவது அதைத்தான்: அருவருப்புகள் நிரம்பிய ஆலயத்தை விட்டுக் கர்த்தருடைய மகிமை புறப்பட்டு, நகருக்குக் கிழக்கே உள்ள மலைமேல் போய் நிற்கிறது. கூடாரத்து விதிகள் அஞ்சியது இதற்குத்தான். மக்களை விலக்கிவைப்பதா அவற்றின் நோக்கம்? அவர்கள் நடுவே வந்து தங்கியவர் போய்விடக்கூடாது என்ற கவலையே அவற்றில் எனக்குத் தெரிகிறது.

ஆகவே ஏழாம் மாதம் பத்தாம் தேதி பெருந்துப்புரவு. பிரதான ஆசாரியன் குளித்து, பொன் வேலைப்பாடுள்ள உடைகளைத் தவிர்த்து, வெறும் சணல்நூல் உடை உடுத்துவான். தூபப் புகை உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை மறைத்த பிறகே இரத்தம் தெளிப்பான். தன் பாவத்துக்காகக் காளையின் இரத்தம் முதலில், மக்களுக்காக ஆட்டின் இரத்தம் அடுத்து. அங்கிருந்து வெளிநோக்கிப் பலிபீடம்வரை சுத்திகரித்து வருவான். எல்லாம் முடிந்தபின், ஜனங்களின் அக்கிரமங்களைச் சுமந்த இன்னொரு ஆடு, குடியிருப்பில்லாத வனாந்தரத்துக்கு ஓட்டப்படும்.