லிஸ்டர் 6/1 டீசல் எஞ்சின்: இரண்டு சுற்றுக்கு ஒரு தள்ளல்

இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் பிறந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இது. பிற்பாடு ராஜ்கோட் பட்டறைகள் இதே வடிவத்தை அச்சு அசலாக வார்த்துத் தள்ளின. நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன். கணக்குப் போட்டால் சராசரி முறுக்குவிசை சுமார் 66 நியூட்டன் மீட்டர்.

இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. நான்கு வீச்சில் ஒன்றில்தான் வெடிப்பு பிஸ்டனைத் தள்ளுகிறது. அப்போது முறுக்குவிசை சராசரியைத் தாண்டிப் பல மடங்கு எகிறும். காற்றை அழுத்தும் வீச்சிலோ அது சுழற்சிக்கு எதிராகவே திரும்பும். ஹேண்டில் போட்டுச் சுற்றியவர்களின் தோளைக் கேட்டால் தெரியும்! இருபுறமும் உள்ள கனத்த ஃபிளைவீல்கள் மிகையாகும் ஆற்றலை வாங்கி வைத்து, குறையும்போது கொடுக்கின்றன.

ஃபிளைவீலின் ஒரு பக்கம் தடித்திருப்பது வார்ப்புக் கோளாறு அல்ல, எதிர் எடை. மேலும் கீழும் போகும் பிஸ்டனின் உதறலில் ஒரு பகுதியைத்தான் அது ஈடுகட்டும். முழுவதையும் அடக்கப் போனால், எஞ்சின் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிடும்.

முறுக்குவிசையை நேரடியாக அளக்க எளிய வழி கயிற்றுப் பிரேக். எஞ்சினோடு சுழலும் டிரம்மில் சுற்றிய கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. இரண்டின் இழுவிசை வித்தியாசத்தை டிரம்மின் ஆரத்தால் பெருக்கினால் விடை. உராய்வில் டிரம் கொதிக்கும் என்பதால், உள்விளிம்பில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.