வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன்...

நாம் பிழைக்க வந்த இந்த மட்டாஞ்சேரி இசைக்குப் பேர்போன ஊர். மெஹ்பூபும் உம்பாயியும் பாடிய மெஹ்ஃபில்கள் நடந்த ஊர். ஆர்மோனியமும் தபேலாவும் ஒலித்த இந்தத் தெருக்களில் இன்று கிட்டாரும் கேட்கிறது. பஜனைக்குப் போகும் வீடானாலும் சரி, மாதா கோயில் பாடகர் குழுவில் இருக்கும் வீடானாலும் சரி, கிட்டார் கற்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்த சில மாதங்களில் அடுத்த கோரிக்கை வந்துவிடும். "அப்பா, ஒரு ட்யூப் ஆம்ப் வேணும்."

விலையைக் கேட்டால் பெற்றோருக்குத் தலை சுற்றும். கடையில் ஒரே அளவு, ஒரே வாட்ஸ், ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு பெட்டிகள் இருக்கும். "இரண்டும் ஒன்றுதானே?" என்று அப்பா கேட்பார். "இல்லை, நாதம் வேற" என்பான் பையன். யார் சொல்வது சரி? சேமித்த பணத்தைக் கொடுக்கும் முன் இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? இதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

ட்யூப் என்பது நமக்குப் புதிதல்ல

நம் பெரியவர்கள் வீட்டில் வைத்திருந்த வால்வு ரேடியோ நினைவிருக்கிறதா? குமிழைத் திருகியதும் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடாகிச் செந்நிறமாய் மின்னிய பிறகுதான் இலங்கை வானொலி கேட்கும். அந்த வால்வைத்தான் கிட்டார்க்காரர்கள் ட்யூப் என்கிறார்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ஒரு காலத்தில் வானொலி வால்வுகளைத் தயாரித்தது. டிரான்ஸிஸ்டர் வந்ததும் ரேடியோவிலிருந்து வால்வு மறைந்தது. ஆனால் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் நிலைத்துவிட்டது.

காரணம் இதுதான். கல்யாண வீட்டு மைக் செட்டில் ஒலி சற்றும் சிதையக் கூடாது. கிட்டாருக்கோ சிறிது சிதைவு அழகு. அளவுக்கு மீறி முடுக்கினால் டிரான்ஸிஸ்டர் ஒலி அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும். காதுக்குக் கரகரப்பாக இருக்கும். வால்வு அதே அலையை மெல்ல வளைத்து மழுக்கும். அப்போது மூல ஸ்வரத்துடன் அதன் மேல் ஸ்தாயிகளும் இழையும். மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கனமாகவும் பேசும். விரலுக்கு ஏற்ப மாறும் இந்தக் குணத்துக்காகத்தான் இத்தனை செலவு.

ஒரே வரைபடம், இரு வேறு நாதம்

1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் டிரம் கடை நடத்தி வந்தார். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையர்களின் விலை அங்குள்ள இளைஞர்களுக்கு எட்டவில்லை. எனவே அவர் தம் உதவியாளர்களுடன் ஃபெண்டர் பாஸ்மேன் என்ற மாடலின் மின்சுற்றை ஏறக்குறைய அப்படியே பின்பற்றி ஒன்றைத் தயாரித்தார். அதுதான் மார்ஷல் ஜேடிஎம் 45.

சுற்று ஒன்றே. ஆனால் கிடைத்த உதிரிபாகங்கள் வேறு. பாஸ்மேனில் முதல் வால்வு 12ஏஒய்7. மார்ஷலில் அந்த இடத்தில் ஈசிசி83. முன்னதன் பெருக்கும் திறன் பின்னதில் பாதிகூட இல்லை. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் வேறு. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மார்ஷலில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள். விளைவு? கனத்த, முரட்டுத்தனமான புதிய நாதம் ஒன்று பிறந்து ராக் இசையின் அடையாளமாகிவிட்டது.

ஒரே பலாமரத்தில் செய்த இரண்டு வீணைகள் ஒன்றுபோல் பேசுவதில்லை என்பது நாம் அறிந்ததே. அதுபோலத்தான் இதுவும். ஆகவே "நாதம் வேறு" என்று பையன் சொல்வதில் உண்மை இருக்கலாம். அதற்காக எல்லா வேறுபாடும் உண்மையானது என்றும் சொல்லிவிட முடியாது. காது நம்மை எளிதில் ஏமாற்றும்.

கடையில் சோதிப்பது எப்படி?

இன்று பலரும் ஒப்பிடும் இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். மற்றது வாக்ஸ் ஏசி 15. இரண்டும் 15 வாட்ஸ். இரண்டிலும் வெளியீட்டுக்கு ஈஎல்84 வால்வுகள் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. காகிதத்தில் அண்ணன் தம்பிதான்.

1. சொந்த கிட்டாரையும் சொந்தக் கேபிளையும் கொண்டு செல்லுங்கள். கடைக்காரர் தரும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் இனிக்கும். எஃபெக்ட் பெடல் எதுவும் வேண்டாம்.

2. இரண்டையும் பத்து நிமிடம் சூடாக விடுங்கள்.

3. ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். இதுவே மிக முக்கியம். சற்றே உரக்க ஒலிப்பது நல்ல நாதமாகத் தோன்றும்; குறைந்த ஒலியில் கீழ் ஸ்வரங்கள் காதில் சரியாக விழா. இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே அளந்து காட்டினார்கள். இரண்டிலும் குமிழ் 5ல் இருந்தால் ஒலி சமம் என்று எண்ண வேண்டாம். செல்ஃபோனில் டெசிபல் காட்டும் செயலி இருந்தால் ஒரே இடத்தில் அதை வைத்துச் சரிபாருங்கள்.

4. ட்ரெபிள், பாஸ் குமிழ்களை இரண்டிலும் ஒரே எண்ணில் வைப்பதும் பயன் தராது, சுற்றுகள் வேறு. ஒவ்வொன்றிலும் உங்களுக்குப் பிடித்த நாதத்தைத் தனித்தனியே தேடிப் பிடித்து, பிறகு ஒப்பிடுங்கள்.

5. இரண்டையும் ஒரே உயரத்தில் வையுங்கள். தரையிலோ சுவர் மூலையிலோ வைத்தால் பாஸ் கூடும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே கூர்மையாகவும், பக்கவாட்டில் மங்கலாகவும் கேட்கும். சிறிது நேரம் கழித்து இடம் மாற்றி வைத்தும் கேளுங்கள்.

6. கடைசியாகக் கண்ணை நம்பாமல் கேளுங்கள். பையன் திரும்பி நிற்கட்டும். நண்பன் ஒருவன் காசு சுண்டி, தலையா பூவா என்பதற்கேற்ப ஏதேனும் ஓர் ஆம்பில் ஒரே வரியை வாசிக்கட்டும். பத்து முறை செய்து பையனின் விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் ஊகத்தில் 9 அல்லது 10 விடைகள் சரியாவது நூற்றில் ஒரு தடவைதான். அப்படி வந்தால் வேறுபாடு உண்மை, பிடித்ததை வாங்கலாம். ஐந்தாறுதான் சரி என்றால் விலை, எடை, பழுது பார்க்கும் வசதி இவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ப்ளூஸ் ஜூனியர் ஏறக்குறைய 14 கிலோ. ஏசி 15 ஏறக்குறைய 22 கிலோ. எறணாகுளத்துக்குப் படகில் தூக்கிச் செல்பவனுக்கு இது சிறிய விஷயமல்ல.

வாட்ஸ் எவ்வளவு வேண்டும்?

வாட்ஸ் இரட்டித்தால் ஒலி இரட்டிக்கும் என்பது தவறு. இரட்டிப்பு சக்தி 3 டெசிபல்தான் கூட்டும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் 15 வாட்ஸ் வால்வு ஆம்பை முடுக்கினால் அடுத்த வீட்டாரின் பகை நிச்சயம். வீட்டில் வாசிக்க மட்டும் என்றால் 1 முதல் 5 வாட்ஸ் போதும். டிரம்ஸோடு சிறிய ஹாலில் வாசிப்பவர்களுக்கே 15 வாட்ஸ்.

நமக்கு மட்டும் உரிய சில எச்சரிக்கைகள்

அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் பாழாகிவிடும். பின்புறம் எழுதியிருப்பதைப் பார்த்து, தேவையெனில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.

கொச்சியின் உப்புக் காற்றும் மழைக்கால ஈரமும் வால்வு சாக்கெட்டுகளில் துருவேற்றும், கரகரப்பு வரும். துணியுறை போட்டு, தரையில் படாமல் வைத்து, வாரம் ஒரு முறையாவது இயக்குங்கள்.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் இயக்கக் கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அதைவிட முக்கியம்: உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் உண்டு. சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்களில் அது தங்கியிருக்கும். உயிரையே பறிக்கும். பிள்ளைகள் ஆர்வத்தில் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு வேலை தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் உண்டா என்பதை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

பிள்ளையின் ஆசையை ஆடம்பரம் என்று ஒதுக்கவும் வேண்டாம். கேட்டதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தரவும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை அவனோடு கடைக்குப் போய் நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். பணமும் வீணாகாது, உங்கள் பிள்ளை என்ன வாசிக்கிறான் என்பதும் தெரிந்துவிடும். நம் இல்லங்களில் இசை வளரட்டும்!