பாதிரியார்களுக்கு உத்தரவு போட்ட கன்னியாஸ்திரீ!

ஸ்பெயின் நாட்டில் பர்கோஸ் என்று ஒரு நகரம். அங்கே பழமையான கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் லாஸ் உவெல்காஸ்.

ஒரு காலத்தில் இந்த மடத்தின் தலைவியிடம் அனுமதி வாங்காமல், அவருடைய எல்லைக்குள் எந்தப் பாதிரியாரும் பூசை வைக்க முடியாது. பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. பிரசங்கம் செய்யவும் முடியாது!

ஒரு பெண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது?

ராணியின் ஆசை

அப்போது காஸ்டில் நாட்டை ஆண்டவர் எட்டாம் அல்போன்சோ. அவருடைய ராணி லியோனார், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகள். ராணியின் விருப்பப்படி 1187-ல் மன்னர் இந்த மடத்தை ஏற்படுத்தினார்.

இது சிஸ்டர்சியன் சபையைச் சேர்ந்த மடம். வெள்ளை உடை, எளிய உணவு, இரவிலும் எழுந்து ஜெபம் என்று கடுமையான விதிகள். ஆனால் வந்து சேர்ந்தவர்களோ பெரிய இடத்துப் பெண்கள். மன்னரின் மகள் கான்ஸ்டன்சாவே இங்கு கன்னியாஸ்திரீ ஆனார்.

நிலங்களையும் ஊர்களையும் மன்னர்கள் வாரி வழங்கினார்கள். 50-க்கும் மேற்பட்ட ஊர்கள் மடத் தலைவியின் ஆட்சிக்குள் வந்தன. அந்த ஊர்களில் வழக்குகளை விசாரிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பிஷப் அவரைக் கட்டுப்படுத்த முடியாது. போப்பாண்டவருக்கு மட்டுமே அவர் கட்டுப்பட்டவர்.

போப்பின் கண்டிப்பு

1210-ல் போப் மூன்றாம் இன்னசென்டின் காதுக்கு ஒரு செய்தி எட்டியது. பர்கோஸ், பலென்சியா பகுதிகளில் மடத் தலைவிகள் சிலர் தாங்களே பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்கள், பிரசங்கமும் செய்கிறார்கள் என்பதே அது.

போப் உடனே தடை விதித்தார். தேவமாதா அப்போஸ்தலர்கள் எல்லோரையும் விட மேலானவர்தான். ஆனாலும் பரலோகத்தின் சாவி அவரிடம் கொடுக்கப்படவில்லையே என்பது போப்பின் வாதம்.

அத்துடன் மடத் தலைவியின் அதிகாரம் ஒழிந்ததா? இல்லை! பூசை வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆனால் பூசை வைக்க வரும் பாதிரியாருக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தரும் உரிமை அவரிடம் இருந்தது!

1214-ல் மன்னரும் ராணியும் ஒரே மாதத்தில் இறந்தார்கள். இருவரையும் இந்த மடத்திலேயே அடக்கம் செய்தார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் மன்னரான முதலாம் எட்வர்டுக்கு 1254-ல் திருமணம் நடந்ததும் இங்கேதான்.

ஒரே உத்தரவு

1587 முதல் தலைவியின் ஆயுள் பதவி, 3 ஆண்டுப் பதவியாகச் சுருங்கியது. அப்போதும் அதிகாரம் போகவில்லை. 1808-ல் நெப்போலியனின் படைகள் புகுந்து கல்லறைகளை உடைத்துக் கொள்ளையடித்தன. மடம் அதையும் தாங்கிக்கொண்டது.

கடைசியில் 1873-ல் போப் ஒன்பதாம் பயஸ் ஓர் உத்தரவு பிறப்பித்தார். சுமார் 700 ஆண்டு அதிகாரம் அதோடு முடிந்தது!

லாஸ் உவெல்காசில் இன்றும் சிஸ்டர்சியன் கன்னியர் வாழ்கிறார்கள். மன்னரும் ராணியும் அங்கே அருகருகே துயில்கிறார்கள். ஜெபமும் வழக்கம்போல நடக்கிறது.

பாதிரியாருக்குச் சீட்டு எழுதும் வேலை மட்டும் இப்போது இல்லை.