'பறையன்' என்றொரு பத்திரிகை

தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழும் ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரச் சபைகளில், சாதிப்பெயர் செவியில் விழுந்த மாத்திரத்தில் முகங்கள் சுருங்குவதைக் குருமார் அறிவர். அந்த அனுபவத்தை மனத்திற்கொண்டே இரட்டைமலை சீனிவாசனின் வாழ்வை நாம் நோக்க விரும்புகிறோம்.

கோயம்புத்தூரில் மாணவராயிருந்த நாட்களில், தம் குலம் இன்னதென்று பிறர் அறிந்துவிடுவரோ என அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே தனித்திருந்து, பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். 1939இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே இதைக் கூறுகிறார். இவ்வாறு ஒளிந்து பயின்றவர்தாம் 1893 அக்டோபரில் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார்! இழிவாக வழங்கப்பட்ட அப்பெயரை அஞ்சாது தனதென்று சொல்லி முன்வராதவன் உரிமை பெறமாட்டான் என்பது அவர் வாதம். நான்கு பக்க மாத இதழாகப் பிறந்தது, மூன்று மாதங்களில் வார இதழாயிற்று, 1900வரை நடந்தது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1892இல், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஐடா பி. வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் பத்திரிகை அலுவலகத்தை ஒரு கும்பல் நொறுக்கியது. கறுப்பர்களைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையை அவர் எழுத்தில் அம்பலப்படுத்தியதே காரணம். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஒரே காலத்தில் எழுதுகோலை ஏந்தினர்.

1893 டிசம்பரில் சென்னை உவெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் சீனிவாசன் ஒரு கூட்டம் கூட்டினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்து, 3,412 பேர் கையொப்பமிட்ட மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்குச் சென்றது. தேசிய உணர்வில் வளர்ந்த நமக்கு இது சற்றே உறுத்தலாம். ஆயின் அதிகாரம் யார் கைக்குப் போகுமென்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்து திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லோர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தவர் அவரே. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தார்.

இறையியல் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. இந்து சமயத்தைவிட்டு விலகப்போவதாக 1935இல் அம்பேத்கர் அறிவித்தபோது, சீனிவாசன் அதற்கு இசையவில்லை. நாம் அதனுள் இருந்ததே இல்லை. ஆகவே வெளியேறுவது எங்ஙனம் என்பதே அவர் வினா. 1945இல் மறையும்வரை அவர் மதம் மாறவில்லை.

அவர் மறைந்தபின் பிறந்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையோ, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கு இன்றளவும் இல்லை. ஆகவேதான் நம் சபைகளில் சிலருக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயரும் இருக்கின்றன.