தறியும் அச்சும் பழக்கிய கோடு

மதுரையில் 1953ஆம் ஆண்டு பிறந்த டிராட்ஸ்கி மருது, தமிழ் வாசகர்களுக்கு ஓவியராகவே அறிமுகமானவர். ஆயினும் துணி, புத்தக அட்டை, இதழ்ப் பக்கம், திரைப்படம், கணினி என அவர் கைவைத்த துறைகளைச் சேர்த்துப் பார்க்கையில், வரைகலை வடிவமைப்பாளர் என்ற பெயரும் அவருக்குக் குறைவின்றிப் பொருந்தும். பொருளின் தன்மை, அளவு, செலவு, காலக்கெடு ஆகியவை விதிக்கும் எல்லைக்குள் நின்று ஒரு செய்தியைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதே வரைகலை வடிவமைப்பு எனப்படுகிறது.

வரையும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு அன்றைய மதுரையில் பார்த்துப் பழகப் பஞ்சமில்லை. அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான் ‘பராசக்தி’ படத்துடன் தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டிருந்தது. திரையரங்க வாசல்களில் கையால் தீட்டிய பேனர்கள் நின்றன. சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது, கருப்பசாமி வேடமிட்ட பக்தர்கள் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியபடி ஆற்றங்கரையை நிறைத்தனர். மருதுவின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் குதிரைகளையும் வீரர்களையும் இந்த ஊரோடு சேர்த்துப் பார்ப்பது மிகையாகாது.

பின்னர் அவர் பயின்ற சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளியின் தொடர்ச்சியாகும். கல்லூரிப் படிப்பைக் காட்டிலும், அதன்பின் நெசவாளர் சேவை மையத்தில் ஆற்றிய பணியே வடிவமைப்பாளரின் கண்ணைத் தந்திருக்கும் என்று கருத இடமுண்டு. கைத்தறிக்குப் புதிய வடிவங்களை உருவாக்கித் தருவதற்காக 1950களில் நடுவண் அரசு நிறுவத் தொடங்கிய இம்மையங்களில், ஓவியர் கே. எம். ஆதிமூலம் உள்ளிட்ட பலர் பணியாற்றினர். அங்கே ஒரு மாங்காய் வடிவைத் தாளில் வரைந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதைக் கட்டங்கள் நிறைந்த கிராஃப் தாளுக்கு மாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் பாவு நூல் மேலே வருமா, ஊடை நூல் மேலே வருமா என்று குறித்தாக வேண்டும். வளைந்து செல்லும் கோடு படிக்கட்டாக உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதோடு, அதே வடிவம் துணியின் அகலம் முழுதும் திரும்ப வரும்போது ஒட்டுப்போட்ட இடம் தெரியாதவாறு விளிம்புகளையும் பொருத்த வேண்டும்.

இதே கண்டிப்பை அச்சகமும் வேறு வகையில் விதித்தது. ஆஃப்செட் பரவுவதற்கு முன், ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், படத்தைப் புகைப்படமெடுத்துத் துத்தநாகத் தகட்டில் பதித்து, கோடு இல்லாத பகுதிகளை அமிலத்தால் அரித்தெடுத்து ‘பிளாக்’ செய்தனர். சாம்பல் நிறச் சாயல்களைச் சிறு புள்ளிகளாக உடைத்துக் காட்டும் ஹாஃப்டோன் பிளாக்குக்குச் செலவு கூடுதல். மலிவுத் தாளில் மை பரவிப் புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். ஆகவே காசில்லாத சிற்றிதழ்களுக்குக் கறுப்புக் கோடே கைகொடுத்தது. நவீன ஓவியர்கள் பலர் அவற்றுக்கு வரைந்ததில் இலக்கிய நட்பு எவ்வளவு உண்டோ, அவ்வளவு அச்சகக் கணக்கும் உண்டு. சிற்றிதழ், பேரிதழ் இரண்டுக்கும் வரைந்த மருதுவின் கோடு இந்த மரபில் வைத்து நோக்கத்தக்கது. கதையில் நடப்பதை அப்படியே நடித்துக் காட்டாமல், அதன் வேகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு.

கணினியை ஓவியக் கருவியாகத் தொடக்கத்திலேயே கையிலெடுத்த தமிழ் ஓவியர்களுள் மருதுவும் ஒருவர். கணினித் திரையில் தோன்றும் உருவமும் ‘பிக்சல்’ எனப்படும் நுண்ணிய கட்டங்களால் ஆனதே என்பதால், கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக எண்ணிப் பழகிய ஒருவருக்கு அது முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது. நகரும் படத்தின் மீதிருந்த ஈடுபாடு அவரை அனிமேஷனுக்கும், அதாவது சிறிது சிறிதாக மாறும் படங்களை அடுத்தடுத்து ஓட்டி அசைவுத் தோற்றம் தரும் கலைக்கும், கொண்டு சென்றது.

தொல்காப்பியம் கூறும் தும்பை எனும் போர்த்திணையின் துறைகளுள் ஒன்றான ‘வாளோர் ஆடும் அமலை’ (வாள்வீரர் ஆடும் வெற்றிக் கூத்து) என்பதையே தலைப்பாகக் கொண்ட அவரது ஓவிய நூல், பண்டைத் தமிழ் வேந்தர்களை வரைந்து காட்டுகிறது. நாடக மேடையும் காலண்டரும் சினிமாவும் சேர்ந்து தமிழ் மன்னர்களுக்குப் பட்டும் சரிகையும் பளபளக்கும் கிரீடமும் மாட்டி, அதுவே வரலாறு என்று நம்பவைத்துவிட்ட நிலையில், அந்த உடுப்புகளைக் களைந்து, வெயிலில் கறுத்த மேனியும் தசை முறுக்கும் கொண்ட போர்க்குடி மனிதர்களாக அவர்களை மருது வரைந்தார்.