கம்பஸ் கிடைத்தது, தங்க இடம்?

உயர்தர வெட்டுப்புள்ளி வெளியானதும் புத்தளம் கரையோரத்தில் கற்பிட்டியிலோ உடப்பிலோ உள்ள ஒரு வீட்டில் முதலில் கேட்கப்படுவது, "எந்தக் கம்பஸ்?" அடுத்தது, "பிள்ளை எங்க தங்கும்?" முதற் கேள்விக்கு விடைகாண அரசாங்கம் விரிவான சூத்திரமொன்றை வைத்திருக்கிறது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. நான்கு வருடம் கழித்து வரும் பெறுபேற்றில் அந்த இரண்டாவது கேள்விக்கும் பங்குண்டு. அதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

சூத்திரம் இதுதான். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் தீவளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. ஒரு பிள்ளை எங்கே பிறந்தது, எந்தப் பாடசாலையில் படித்தது என்பது புள்ளியைப் பாதிக்கும், ஆகவே ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இதன் நியாயம். நல்ல நியாயம். ஆனால் கம்பஸ் வாசலைத் தாண்டியதும் அது பாதியில் நின்றுவிடுகிறது.

புத்தளம் மாவட்டத்துக்குள் அரச பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. அருகில் இருப்பது 1999இல் உருவான வயம்பப் பல்கலைக்கழகம். அதன் குளியாப்பிட்டி, மாகந்துர வளாகங்கள் இரண்டும் குருநாகல் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே விவசாயம், மீன்பிடி, வணிகம், மருத்துவம் படிக்கலாம்; கலைப்பீடம் கிடையாது. தமிழ்மொழியில் கலைப்பாடம் படிக்க விரும்பும் பிள்ளைக்குப் பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் என்றுதான் வழி. ஒலுவிலுக்குப் போகிறவர் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை தீவையே குறுக்காகக் கடக்கிறார்.

கொழும்பு மட்டும் கிட்டவா? புத்தளம் நகரிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர். கற்பிட்டிக்காரர் கொழும்பு வீதியிலுள்ள பாலாவிச் சந்திக்கு வரவே 40 கிலோமீற்றர் பஸ்ஸில் வர வேண்டும். சிலாபத்துப் பிள்ளை ரயிலில் தினமும் போய்வரலாம், போய்வருகிறவர்களும் உண்டு. ஆனால் நாளில் நான்கைந்து மணிநேரம் ரயிலுக்கே போய்விடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொருகும்.

அப்படிப் போய்வருகிறவர் இழப்பது தூக்கத்தை மட்டுமல்ல, 'குப்பி' என்று மாணவர்கள் சொல்லும் இரவு வகுப்பையும்தான். பரீட்சை நெருங்கும் இரவுகளில் விடுதி உணவறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு, போன வருடம் அதே பாடத்தில் நல்ல புள்ளி எடுத்த சிரேஷ்ட மாணவர் ஒருவர் பலகை முன் நிற்பார். பழைய வினாத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, விரிவுரையாளர் எந்த இடத்தில் என்ன எதிர்பார்ப்பார் என்று சொல்லித் தருவார். பத்து மணிக்குத் தொடங்கினால் ஒரு மணி, இரண்டு மணிவரை போகும். காசு கிடையாது. தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைக்குக் காலையில் விளங்காத பாடம் பல வேளைகளில் இங்கேதான் விளங்குகிறது. கடைசி ரயிலைப் பிடிக்க ஓடியவருக்கு அது கிடைக்காது.

இனி, பலரும் அறியாத நடைமுறை ஒன்று. விடுதிகளில் இடம் போதாததால் பல பல்கலைக்கழகங்கள் முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்குமே முன்னுரிமை கொடுக்கின்றன. நடு வருடங்களில் பிள்ளை வெளியே 'போர்டிங்' தேட வேண்டும். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவதற்கும் வகுப்புச் சித்தி பெறுவதற்கும் புள்ளி சேர்க்க வேண்டிய வருடங்களும் இவைதான். படிப்பு கனக்கத் தொடங்கும் நேரத்தில் இருப்பிடம் கைவிட்டுப் போகிறது.

போர்டிங் அறையென்றால் என்ன? நான்கு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரே பிளக். அதில் ஃபோனா, லப்டொப்பா என்று முறை வைக்க வேண்டும். மேசை இருந்தால் அதன்மேல் சாமான். கரண்ட் பில் ஏறுமென்று பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை சேரும். மாலை நேர நூலகம் அத்தோடு போயிற்று. அரச பல்கலைக்கழக மாணவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். நல்ல மனமுள்ள வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் பட்டம் வீட்டுக்காரரின் மனதை நம்பி இருக்கக்கூடாது.

கரையோரக் குடும்பத்துக்கு இதில் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது. வாடகை மாதாமாதம் வரும், அதற்கு முன் அட்வான்ஸ் வேறு. கடல் மாதாமாதம் தராது. சோழகக் காற்று கிளம்பினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறிவிடும். உப்பளக் கூலி வெயில் காலத்தோடு முடியும். கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் போட்டவருக்கு அறுவடையன்று சந்தை விலை விழுந்தால் அந்தப் போகமே போச்சு. 2025 வரவு செலவுத் திட்டம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொலப் புலமைப்பரிசிலின் மாதக் கொடுப்பனவை 7,500 ஆக்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து அது போதாது, தவணை பிந்துவதும் புதிதல்ல. பிந்தும் மாதங்களில் பிள்ளை பகுதிநேர வேலைக்குப் போகும், அல்லது இரவுச் சாப்பாட்டை விடும். இரண்டும் பரீட்சை மண்டபத்தில் தெரியும்.

இருப்பிடம் படிப்பை எப்படிப் பாதிக்கும் என்பதை இந்தக் கரைக்கு யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து தங்கியது புத்தளத்தில்தான். கிடுகுக் கொட்டிலில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து உயர்தரம் எழுதியவர்கள் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். படிப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அவர்களைவிட யாரும் அழுத்திச் சொல்ல முடியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? விடுதியில் இருப்பவரின் புள்ளியையும் வெளியே இருப்பவரின் புள்ளியையும் வெறுமனே ஒப்பிடுவது சரிவராது. ஏழ்மையும் தூரமும் பார்த்து விடுதி கொடுக்கப்படும்போது இரு தரப்பும் தொடக்கத்திலேயே வேறுபட்டவை. அமெரிக்காவின் இந்தியானாவில் அந்த வேறுபாட்டைக் கணக்கிலெடுத்து இருவர் செய்த ஆய்வில், விடுதி வாசம் மாணவரின் சராசரிப் புள்ளியை உயர்த்தியதாகவே தெரிந்தது. டார்ட்மவுத் கல்லூரியில் அறைத்தோழர்கள் குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டதை வைத்து புரூஸ் சசெர்டோட் 2001இல் வெளியிட்ட ஆய்வு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் படிப்பு நம் புள்ளியையும் ஓரளவு அசைக்கும் என்று காட்டியது. கென்டக்கியின் பெரியா கல்லூரியில், அறைத்தோழர் வீடியோ கேம் கொண்டுவந்திருந்தால் மற்றவர் படிக்கும் நேரமும் புள்ளியும் குறைந்தன. ஆகவே கூரை மட்டும் போதாது. அந்தக் கூரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்பதும் கணக்கு.

நம் நாட்டில் அந்தக் கணக்கின் கொடிய பக்கம் பகிடிவதை. 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நிரந்தரமாக முடங்கிப்போனார். 1998இல் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் முதலாம் வருடப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் நிற்கவைக்கும் விடுதிகள் இருந்தன. அப்படிப்பட்ட விடுதியைவிட நெருக்கடியான போர்டிங் அறை மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

விடுதியும் கல்வியின் ஒரு பகுதி என்ற எண்ணம் இலங்கைக்குப் புதிதல்ல. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் போனபோது, அதன் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதை மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே அமைத்தார். அருணாசலம், இராமநாதன் பெயர்களில் மண்டபங்கள் எழுந்தன. பின்னர் இலவசக் கல்வியால் மாணவர் தொகை பெருகியது. கட்டில்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. இன்று ஆண்டுதோறும் 40,000க்கும் மேற்பட்டோர் அனுமதி பெறுகிறார்கள். எல்லோருக்கும் விடுதி கட்டுவது இப்போதைக்கு நடக்காது. ஆனால் பின்தங்கிய மாவட்டமென்று அனுமதியில் ஒப்புக்கொண்ட பிறகு, அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நடு வருடங்களிலும் விடுதி முன்னுரிமை கொடுப்பது நடக்கக்கூடியது. கம்பஸைச் சுற்றியுள்ள போர்டிங் வீடுகளைப் பதிவுசெய்து பார்வையிடுவதும் மகாபொலவை அரையாண்டின் தொடக்கத்திலேயே கையில் கொடுப்பதும் புதுக் கட்டடம் கேட்காத வேலைகள்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது: அனுமதிக் கடிதம் வந்த கையோடு கிராம உத்தியோகத்தரிடம் தூரத்துக்கும் வருமானத்துக்கும் உறுதிப்படுத்தல் எடுத்து வையுங்கள். போர்டிங் பார்க்கப் போனால் வாடகையோடு நிறுத்தாமல் மேசை, பிளக், விளக்கணைக்கும் நேரம் எல்லாவற்றையும் கேளுங்கள். அட்வான்ஸுக்குக் கையெழுத்துள்ள துண்டு வாங்குங்கள். இரண்டாம் வருடத்தில் விடுதியில் "இடமில்லை" என்று வாயால் சொன்னாலும் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இடையில் ஒரு கட்டில் காலியானால், பட்டியலில் பெயர் இருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள்.